கணினியின் கடவுச்சொல் மறந்துபோனால்: லினக்ஸ் பயன்படுத்துவோருக்கு ஒரு பாடம்



நம் மஹல்லாவில் லினக்ஸ் கணினிகள் பெருகிவிட்டன. காசு கொடுத்து வாங்க வேண்டியதில்லை, பழைய கணினியிலும் ஓடும், வைரஸ் தொல்லை குறைவு என்பதால் மதரஸா அலுவலகங்களிலும் சிறு கடைகளிலும் உபுண்டு போட்டு வைத்திருக்கிறார்கள். 2011இல் தமிழக அரசு தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் நம் பிள்ளைகள் பெற்றவற்றிலும் விண்டோஸுடன் பாஸ் லினக்ஸ் சேர்ந்தே வந்தது. மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் உருவாக்கியது அது. அந்த மடிக்கணினிகள் பல வீடுகளில் அண்ணனிடமிருந்து தங்கைக்கும் தங்கையிடமிருந்து தம்பிக்கும் கைமாறி இன்னும் உழைக்கின்றன.

இவற்றைப் பற்றி எங்களிடம் அடிக்கடி வருகிற கேள்வி ஒன்றுதான். பாஸ்வேர்டு மறந்துவிட்டது, என்ன செய்வது? சிலருக்கு நீண்ட விடுமுறைக்குப் பின் நினைவு வரவில்லை. சில இடங்களில் கடவுச்சொல்லை வைத்தவரே இப்போது இல்லை. கணக்கு எழுதிய தம்பி வேலைக்காக வளைகுடா போய்விட்டார், அல்லது பொறுப்பில் இருந்த பெரியவர் வஃபாத்தாகிவிட்டார். கடையில் கொண்டுபோய்க் கொடுத்தால் பெரும்பாலும் ஒரே பதில்தான் கிடைக்கும்: "பார்மட் பண்ணிடலாம் பாய், புதுசா போட்டுத் தர்றோம்." கடைக்காரருக்கு அது அரைமணி நேர வேலை. உரியவருக்கோ ஐந்து வருடத்துச் சந்தா கணக்கு, யதீம் பிள்ளைகளின் உதவித்தொகைப் பட்டியல், வட்டியில்லாக் கடன் வாங்கியவர்களின் தவணை விவரம், குடும்பப் படங்கள் எல்லாம் ஒரே நொடியில் போய்விடும். சேமிப்பு வட்டு முழுவதும் மறைகுறியாக்கம் செய்யப்படாத கணினியாக இருந்தால் ஒரு கோப்பும் அழியாமல் புதிய கடவுச்சொல்லை வைத்துவிட முடியும். பத்து நிமிடம் போதும். இந்தப் பாடம் அதற்குத்தான்.

கட்டளைகளை ஆங்கில எழுத்துகளில்தான் தட்ட வேண்டும். நம் இதழ் தமிழில் வருவதால் அந்த எழுத்துகளைத் தமிழில் ஒவ்வொன்றாகச் சொல்லியிருக்கிறோம். எல்லாம் சிறிய எழுத்துகளே. வீட்டில் படிக்கிற பிள்ளை ஒருவரைப் பக்கத்தில் உட்கார வைத்து, ஒரு தாளில் ஆங்கிலத்தில் எழுதிக்கொண்டு தொடங்கினால் எளிதாக இருக்கும்.

யார் திறக்கலாம்?

வழியைச் சொல்வதற்கு முன் இதைச் சொல்லியாக வேண்டும். கீழே வரும் முறை பூட்டை உடைப்பதற்குச் சமமானது. நம் வீட்டுச் சாவி தொலைந்தால் நாமே பூட்டை உடைக்கலாம். பக்கத்து வீட்டுப் பூட்டில் கை வைக்கக் கூடாது. மகனுடைய கணினி, மனைவியுடைய கணினி என்றாலும் அவர்களுக்குத் தெரியாமல் திறப்பது சரியல்ல.

அறக்கட்டளை, பள்ளிவாசல், மதரஸா போன்ற பொது இடத்துக் கணினியாக இருந்தால் பொறுப்பாளர்கள் இரண்டு பேராவது உடனிருந்து திறக்க வேண்டும் என்பது எங்கள் கருத்து. எந்தத் தேதியில், யார் முன்னிலையில், எதற்காகத் திறந்தோம் என்று தீர்மானப் புத்தகத்தில் இரண்டு வரி எழுதி வையுங்கள். உதவி பெற்ற குடும்பங்களின் பெயர்கள் அதற்குள் இருக்கின்றன. பிறர் அறியக் கூடாது என்று நம்பி நம்மிடம் சொன்ன விஷயம் அது, அமானிதம். நாளைக்கு ஒரு பேச்சு எழுந்தால் அந்த இரண்டு வரிதான் எல்லோரையும் காப்பாற்றும்.

மரணித்தவரின் கணினி என்றால் இன்னும் கவனம் தேவை. சொத்தைப் பிரிப்பதற்கு முன் அவருடைய கடன்களைத் தீர்க்க வேண்டும் என்பது நமக்குத் தெரியும். யாருக்கு எவ்வளவு கொடுக்க வேண்டும், யாரிடமிருந்து வர வேண்டும் என்று அவர் எழுதி வைத்திருந்தது அந்தக் கணினியில் மட்டுமே இருக்கலாம். ஆகவே திறக்க வேண்டிய அவசியம் உண்டு. வாரிசுகள் எல்லோருக்கும் சொல்லி, அவர்கள் சம்மதத்தோடு திறங்கள். கணக்கு வழக்குகளை எடுத்துக்கொண்டு, அவருடைய சொந்தக் கடிதங்களையும் உரையாடல்களையும் தோண்டாமல் விட்டுவிடுங்கள்.

உண்மையிலேயே மறந்ததுதானா?

பாதிப் பேருக்கு மறந்திருக்காது, விசைப்பலகைதான் ஏமாற்றியிருக்கும். கேப்ஸ் லாக் விளக்கு எரிகிறதா பாருங்கள். வலப்பக்க எண் விசைகளால் கடவுச்சொல்லைத் தட்டுபவர் என்றால் நம் லாக் எரிய வேண்டும். அடுத்ததுதான் நம்மவர்களிடம் அதிகம் காணப்படுவது. தமிழில் தட்டச்சு செய்ய தமிழ்99 விசைப்பலகையைச் சேர்த்திருப்பார்கள், நுழைவுத் திரையிலும் அது தமிழிலேயே நின்றிருக்கும். நாம் ஆங்கிலத்தில் தட்டுவதாக நினைப்போம், உள்ளே தமிழ் எழுத்து போய்க்கொண்டிருக்கும், திரையில் புள்ளிகள் மட்டுமே தெரிவதால் கண்டுபிடிக்க முடியாது. திரையின் மூலையில் மொழியைக் காட்டும் சிறு குறி இருக்கும். அதை ஆங்கிலத்துக்கு மாற்றிவிட்டு மறுபடி முயலுங்கள்.

புதிய உபுண்டுவில் கடவுச்சொல் கட்டத்தின் ஓரத்தில் கண் போன்ற ஒரு படம் உண்டு. அதைச் சொடுக்கினால் தட்டிய எழுத்துகள் தெரியும். பழையதாக இருந்தால் பயனர் பெயர் கேட்கும் கட்டத்தில் எழுத்துகளைத் தட்டிப் பார்த்து, எல்லா விசையும் வேலை செய்கிறதா என்று சோதிக்கலாம். டீ சிந்திய விசைப்பலகையில் ஒரு விசை செத்துப்போய், அதனால் "கடவுச்சொல் தவறு" என்று வருவதும் உண்டு.

கடவுச்சொல் எங்கே இருக்கிறது?

கணினிக்குள் எங்கோ அது எழுதப்பட்டிருக்குமே, அதைப் பார்த்துச் சொல்லக் கூடாதா என்று கேட்கிறார்கள். முடியாது. லினக்ஸ் நம் கடவுச்சொல்லை அப்படியே எழுதி வைப்பதில்லை. அதை அரைத்து மாவாக்கி, அந்த மாவை மட்டும் 'ஷேடோ' என்ற கோப்பில் வைக்கிறது. அரிசியை மில்லில் கொடுத்தால் மாவு வரும். மாவை எந்த மில்லில் கொடுத்தாலும் அரிசி திரும்பி வராது. நாம் ஒவ்வொரு முறை நுழையும்போதும் கணினி நாம் தட்டியதைப் புதிதாக அரைத்து, பழைய மாவோடு ஒப்பிட்டுப் பார்க்கிறது. இரண்டும் ஒன்றாக இருந்தால் கதவு திறக்கும்.

அரைக்கும்போது ஒவ்வொரு பயனருக்கும் வெவ்வேறாக ஏதோ சில எழுத்துகளைக் கணினியே சேர்த்துக்கொள்ளும். அதற்கு 'உப்பு' என்றே பெயர். இரண்டு பேர் தற்செயலாக ஒரே கடவுச்சொல்லை வைத்திருந்தாலும் மாவு வேறு வேறாக இருப்பதற்காக இந்த ஏற்பாடு. லினக்ஸுக்கு முன்னோடியான யுனிக்ஸில் இது எப்படி உருவானது என்பதை ராபர்ட் மாரிஸ், கென் தாம்சன் இருவரும் 1979இல் ஒரு கட்டுரையாக எழுதினார்கள்.

அந்தத் தாம்சனின் பழைய கடவுச்சொல்லே பின்னாளில் வெளிப்பட்ட கதை சுவையானது. பழைய யுனிக்ஸ் கோப்புகளோடு அந்தக் காலத்து வல்லுநர்களின் அரைத்த கடவுச்சொற்களும் பாதுகாக்கப்பட்டிருந்தன. மற்றவர்கள் பலருடையதை ஊகித்துவிட்டார்கள்; தாம்சனுடையது மசியவில்லை. 2019இல் ஒருவர் சக்திவாய்ந்த கணினியை நாலு நாளுக்கு மேல் ஓடவிட்டு, கோடிக்கணக்கான சொற்களை ஒவ்வொன்றாக அரைத்துப் பார்த்துக் கண்டுபிடித்தார். ராணிக்கு முன் நிற்கும் சிப்பாயை இரண்டு கட்டம் தள்ளுகிற சதுரங்கத் தொடக்க நகர்வுதான் அவருடைய கடவுச்சொல். எட்டு எழுத்துக்கு மேல் வைக்க முடியாத காலம் அது. இன்றைய முறைகள் வேண்டுமென்றே மெதுவாக அரைப்பவை. நல்ல நீளமான கடவுச்சொல்லை இப்படித் தேடிக் கண்டுபிடிக்க உட்கார்ந்தால் ஆயுள் போதாது.

ஆகவே பழைய கடவுச்சொல்லைக் கண்டுபிடிக்கும் முயற்சியை விட்டுவிடுகிறோம். பழைய மாவைக் கொட்டிவிட்டுப் புதிய மாவை வைக்கப் போகிறோம். அந்தக் கோப்பில் கை வைக்கும் உரிமை 'ரூட்' என்கிற தலைமை நிர்வாகிக்கு மட்டும் உண்டு. ரூட் யாருடைய கடவுச்சொல்லையும் மாற்றலாம், பழையது என்ன என்று கணினி அவரிடம் கேட்காது. கணினி எழும் நேரத்தில் நாம் ரூட்டாக உள்ளே நுழைவதுதான் வழி.

உபுண்டுவில் செய்யும் முறை

கணினியை முழுவதும் அணையுங்கள். மறுபடி இயக்கி, தயாரிப்பாளரின் சின்னம் தெரியும்போது, பழைய கணினியாக இருந்தால் ஷிஃப்ட் விசையை அழுத்திப் பிடியுங்கள்; புதியதாக இருந்தால் எஸ்கேப் விசையை ஒரு தரம் தட்டுங்கள். எது பழையது எது புதியது என்று தெரியாவிட்டால் இரண்டையும் தனித்தனியே முயலலாம். 'கிரப்' எனப்படும் பட்டியல் திரை வரும். எஸ்கேப்பைப் பலமுறை தட்டிவிட்டால் பட்டியல் வராமல் கறுப்புத் திரையில் கிரப் என்ற சொல் மட்டும் நிற்கும். பயப்பட வேண்டாம், கண்ட்ரோல், ஆல்ட், டெலீட் மூன்றையும் சேர்த்து அழுத்தி மீண்டும் தொடங்குங்கள். விண்டோஸும் லினக்ஸும் சேர்ந்திருக்கும் மடிக்கணினிகளில் இந்தப் பட்டியல் தானாகவே வரும்.

பட்டியலில் 'அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்' என்று தொடங்கும் வரியைத் தேர்ந்தெடுத்து என்டர் தட்டுங்கள். அடுத்த திரையில் வரிகள் இரண்டிரண்டாக இருக்கும். முதலில் வருகிற, முடிவில் 'ரெக்கவரி மோடு' என்று எழுதிய வரியைத் தேர்ந்தெடுங்கள். எழுத்துகள் கடகடவென்று ஓடிய பிறகு ஒரு சிறு பட்டியல் வரும். அதில் 'ரூட்' என்ற வரிக்கு இறங்கி என்டர் தட்டுங்கள். பராமரிப்புக்கு என்டர் தட்டவும் என்று கேட்டால் இன்னொரு முறை தட்டுங்கள்.

இப்போது வரியின் முடிவில் எண் குறி, அதாவது குறுக்குக் கோடுகள் போட்ட சிறு கட்டம் போன்ற குறி, தெரிந்தால் நீங்கள் ரூட். இந்த இடத்தில் கணினி எதையும் இருமுறை கேட்காது, சொன்னதைச் செய்துவிடும். பாடத்தில் உள்ளதைத் தவிர வேறு எதையும் தட்ட வேண்டாம்.

இந்த நிலையில் வட்டு படிக்க மட்டும் திறந்திருக்கும், எழுத முடியாது. எழுதத் திறப்பதற்கான கட்டளை: எம், ஓ, யு, என், டி, ஓர் இடைவெளி, கழித்தல் குறி, உடனே ஓ, இடைவெளி, ஆர், இ, எம், ஓ, யு, என், டி, கமா, ஆர், டபிள்யூ, இடைவெளி, வலப்புறம் சாய்ந்த கோடு. கமாவுக்கு முன்னும் பின்னும் இடைவெளி விடக் கூடாது. என்டர் தட்டினால் பதில் எதுவும் வராது. லினக்ஸில் பதில் இல்லாமல் போனால் வேலை முடிந்தது என்று பொருள்.

அடுத்து பயனர் பெயர் தெரிய வேண்டும். நுழைவுத் திரையில் தெரிகிற முழுப்பெயர் வேறு, உள்ளே இருக்கும் பயனர் பெயர் வேறாக இருக்கலாம். எல், எஸ், இடைவெளி, சாய்கோடு, எச், ஓ, எம், இ என்று தட்டி என்டர் தட்டினால் அந்தக் கணினியில் உள்ளவர்களின் கோப்புறைப் பெயர்கள் வரும். பெரும்பாலும் அதுவே பயனர் பெயர். தெரிந்ததை எழுத்துப் பிசகாமல் குறித்துக்கொள்ளுங்கள்.

இனி முக்கியமான கட்டளை: பி, ஏ, எஸ், எஸ், டபிள்யூ, டி, இடைவெளி, பிறகு அந்தப் பயனர் பெயர். நடுவில் ஓ, ஆர் எழுத்துகள் கிடையாது. முழுச்சொல்லாகத் தட்டிவிட்டு வரவில்லை என்று திணறுகிறவர்கள் அதிகம். என்டர் தட்டியதும் புதிய கடவுச்சொல்லைக் கேட்கும். தட்டும்போது திரையில் புள்ளிகூடத் தெரியாது. விசைப்பலகை செத்துவிட்டது என்று நினைக்க வேண்டாம், உள்ளே பதிவாகிறது. மறுபடி ஒரு முறை அதையே கேட்கும். வெற்றிகரமாக மாற்றப்பட்டது என்று ஆங்கிலத்தில் ஒரு வரி வந்தால் முடிந்தது. 'அதென்டிகேஷன் டோக்கன்' என்று தொடங்கி ஒரு பிழை வந்தால் வட்டை எழுதத் திறக்கும் முந்தைய கட்டளையில் ஏதோ தவறு. அதைத் திரும்பத் தட்டிவிட்டு வாருங்கள்.

பிறகு ஆர், இ, பி, ஓ, ஓ, டி என்று தட்டி என்டர் கொடுங்கள். கணினி புதிதாக எழும். புதிய கடவுச்சொல்லில் உள்ளே போகலாம். கோப்புகள் எல்லாம் இருந்த இடத்திலேயே இருக்கும்.

பாஸ் லினக்ஸ், டெபியன் கணினிகளில்

பாஸ் லினக்ஸ் டெபியனை அடிப்படையாகக் கொண்டது. டெபியன் வகையில் மேற்சொன்ன ரெக்கவரி வழி பல நேரம் உதவாது. நிறுவும்போது ரூட்டுக்கு ஒரு கடவுச்சொல் வைத்திருந்தால் அதையே கேட்கும். வைக்காவிட்டால் ரூட் கணக்கு பூட்டப்பட்டிருக்கிறது என்று சொல்லி நின்றுவிடும். அங்கே வேறு வழி.

கிரப் பட்டியலில் லினக்ஸ் வரியின் மேல் நின்றுகொண்டு, என்டர் தட்டாமல் இ எழுத்தைத் தட்டுங்கள். பல வரிகள் வரும். லினக்ஸ் என்ற சொல்லில் தொடங்கும் வரியைத் தேடுங்கள். நீளமாக இருக்கும், மடிந்து இரண்டு வரியாகவும் தெரியும். அதில் தனித்து நிற்கும் ஆர், ஓ என்ற இரண்டெழுத்தை ஆர், டபிள்யூ என்று மாற்றுங்கள். அதைத் தொடர்ந்து வரும் 'குவயட்', 'ஸ்பிளாஷ்' என்ற சொற்களை அழித்துவிடலாம். வரியின் கடைசிக்குப் போய் ஓர் இடைவெளி விட்டு, ஐ, என், ஐ, டி, சமக்குறி, சாய்கோடு, பி, ஐ, என், சாய்கோடு, பி, ஏ, எஸ், எச் என்று இடைவெளியே இல்லாமல் சேர்த்துத் தட்டுங்கள். பிறகு கண்ட்ரோலையும் எக்ஸையும் சேர்த்து அழுத்தினால் கணினி எழும்.

வழக்கமான எல்லா வேலைகளையும் விட்டுவிட்டு, ரூட்டுக்கு ஒரு கட்டளைத் திரையை மட்டும் கொடு என்று சொல்லியிருக்கிறோம். இங்கே நாம் திருத்தியது இந்த ஒரு தரத்துக்குத்தான். அடுத்த முறை கணினி பழையபடியே எழும். கட்டளைத் திரை வந்ததும் முன்பு சொன்னபடியே கடவுச்சொல்லை மாற்றுங்கள். மாற்றிய பின் எஸ், ஒய், என், சி என்று தட்டி என்டர் கொடுத்தால் எழுதியவை வட்டில் உறுதியாகப் பதியும். அதன் பிறகு ஆர், இ, பி, ஓ, ஓ, டி, இடைவெளி, கழித்தல் குறி, எஃப். இந்த இடத்தில் வெளியேறும் கட்டளையைத் தட்டக் கூடாது. கணினி அப்படியே உறைந்து நின்றுவிடும்.

கிரப் பட்டியலே கடவுச்சொல் கேட்டால், யாரோ விவரம் தெரிந்தவர் அதையும் பூட்டியிருக்கிறார். அப்போது உபுண்டு ஏற்றிய பென் டிரைவிலிருந்து கணினியை எழுப்பி, நிறுவாமல் 'டிரை' என்பதைத் தேர்ந்தெடுத்து, உள்ளே இருக்கும் வட்டைத் திறந்து மாற்ற வேண்டும். அதில் எந்தப் பகுதி எது என்று பார்த்துச் செய்வது புதியவர்களுக்கு ஆபத்து; தெரிந்தவர் ஒருவரை உடன் வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் இந்தப் பென் டிரைவ் முறையில் வேறொரு நன்மை இருக்கிறது. கடவுச்சொல்லைத் தொடாமலேயே கோப்புகளை வெளி வட்டுக்கு நகலெடுத்துக்கொள்ள முடியும். மரணித்தவரின் கணினியில் கணக்குக் கோப்பு மட்டும் போதும் என்றால் இதுவே அழகான வழி.

உள்ளே போன பிறகு

நுழைந்ததும் 'கீரிங்' திறக்கவில்லை என்று ஒரு பெட்டி வந்து பழைய கடவுச்சொல்லைக் கேட்கலாம். கீரிங் என்பது சாவிக்கொத்து. உலாவியும் மற்ற செயலிகளும் சேமித்த கடவுச்சொற்களை அது தனியே பூட்டி வைத்திருக்கிறது, அந்தப் பூட்டுக்குச் சாவி பழைய கடவுச்சொல்தான். நாம் வாசல் பூட்டை மாற்றினோம். உள்ளே இருக்கும் பீரோவின் பூட்டு மாறவில்லை. குரோம் உலாவியில் சேமித்தவை இதனால் கிடைக்காமல் போகலாம். ஃபயர்ஃபாக்ஸ் தன்னுடையதைத் தனியாக வைப்பதால் அது தப்பித்துவிடும். கோப்புகளுக்கும் படங்களுக்கும் இதனால் பாதிப்பு இல்லை.

அந்தப் பழைய சாவிக்கொத்தை அவசரப்பட்டு அழிக்க வேண்டாம் என்பது எங்கள் ஆலோசனை. ஒரு வாரம் கழித்து வேறு வேலையாக இருக்கும்போது பழைய கடவுச்சொல் சட்டென்று நினைவுக்கு வருவதைப் பலரிடம் பார்த்திருக்கிறோம்.

எங்கே இந்த வழி செல்லாது?

கணினியை இயக்கியதும், நுழைவுத் திரை வருவதற்கு முன்பே ஒரு கடவுச்சொல்லைக் கேட்டால் பெரும்பாலும் அந்த வட்டு முழுவதும் மறைகுறியாக்கம் செய்யப்பட்டதாக இருக்கும். லினக்ஸில் இதற்கு லக்ஸ் என்று பெயர். அங்கே கடவுச்சொல்தான் கோப்புகளைத் திறக்கும் சாவியின் ஒரு பகுதி. அது இல்லாமல் வட்டில் இருப்பது வெறும் குப்பை எழுத்து. எவ்வளவு பணம் கொடுத்தாலும் யாராலும் மாற்றித் தர முடியாது. முடியும் என்று சொல்லி முன்பணம் கேட்பவரை நம்ப வேண்டாம். வேறு எங்காவது நகல் இருந்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை.

18.04க்கு முந்தைய உபுண்டு பதிப்புகளில் பயனரின் கோப்புறையை மட்டும் பூட்டுகிற வசதியும் இருந்தது. அப்படிப்பட்ட கணினியில் கடவுச்சொல்லை மாற்றினாலும் உள்ளே கோப்புகள் தெரியாது. பூட்டியபோது கணினி 32 எழுத்துள்ள ஒரு நீண்ட சொல்லைக் கொடுத்து, எழுதி வைத்துக்கொள்ளச் சொல்லியிருக்கும். பழைய டைரிகளைப் புரட்டிப் பாருங்கள், கிடைத்தால் அதைக்கொண்டு மீட்கலாம்.

இவ்வளவு எளிதா?

இதைப் படித்தவர்களுக்கு ஒரு கலக்கம் வந்திருக்க வேண்டும். நாம் பத்து நிமிடத்தில் திறந்ததை, கணினியைத் தூக்கிக்கொண்டு போன திருடனும் பத்து நிமிடத்தில் திறப்பான். ஆம், அப்படித்தான். மறைகுறியாக்கம் இல்லாத கணினியில் நுழைவுக் கடவுச்சொல் வாசலில் தொங்கும் திரைச்சீலை மாதிரி. வீட்டுப் பிள்ளைகளைத் தடுக்கும், அந்நியனைத் தடுக்காது. விண்டோஸிலும் நிலைமை இதுதான்.

ஆகவே இரண்டு வகையாகப் பிரித்துப் பாருங்கள். வீட்டில் பிள்ளைகள் படிக்கும் கணினிக்கு மறைகுறியாக்கம் அவசியமில்லை. மறந்தால் திறக்க முடிவது அங்கே நன்மையே. ஸகாத் பெற்றவர்களின் பெயர், ஆதார் நகல், வங்கி விவரம், நோயாளிகளின் மருத்துவச் சீட்டு இவையெல்லாம் இருக்கும் அலுவலகக் கணினியோ, பயணத்தில் கொண்டுபோகும் மடிக்கணினியோ என்றால் அடுத்த முறை உபுண்டு நிறுவும்போதே வட்டு முழுவதையும் மறைகுறியாக்கம் செய்யும்படி கேட்டு வாங்குங்கள். நிறுவும்போது அதற்கான தேர்வு திரையிலேயே வரும். பிறகு தொலைத்தால் மீட்க வழியில்லை என்பதால் இரண்டு ஏற்பாடுகள் கட்டாயம்: வாரம் ஒரு முறை கோப்புகளின் நகல் வேறொரு வட்டில், கடவுச்சொல் ஒரு தாளில். லக்ஸில் ஒரே வட்டுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட கடவுச்சொற்களை வைக்கலாம். செயலாளருக்கு ஒன்று, பொருளாளருக்கு ஒன்று என்று வைத்துவிட்டால் ஒருவர் இல்லாத நாளில் வேலை நிற்காது.

தாளில் எழுதக் கூடாது என்று பலர் சொல்வார்கள். கணினியின் மேல் ஒட்டி வைப்பதுதான் கூடாது. நாங்கள் சொல்வது இது: கடவுச்சொல்லையும் பயனர் பெயரையும் ஒரு தாளில் எழுதி, உறையில் போட்டு ஒட்டி, ஒட்டிய இடத்தில் இரண்டு பொறுப்பாளர்கள் கையெழுத்திட்டு, பத்திரங்கள் இருக்கும் பீரோவில் வையுங்கள். வீடுகளில் நகை, பத்திரம் வைக்கும் இடத்திலேயே வைக்கலாம். எழுதும்போது பூஜ்யமா ஓவா, ஒன்றா எல்லா என்று குழப்பம் வராதபடி அடியில் குறித்துவிடுங்கள். உறையை ஒட்டுவதற்கு முன், எழுதியவர் அல்லாத இன்னொருவர் அந்தத் தாளைப் பார்த்தே கணினியைத் திறந்து பார்க்க வேண்டும். கடவுச்சொல்லை மாற்றுகிற அன்றே பழைய தாளைக் கிழித்துவிட்டுப் புதிய உறையைத் தேதியோடு வைத்துவிடுங்கள்.